முன்வரிசை நாற்காலியும் உலக ஆசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ இளைஞர்கள் உலகப் போக்கில் இழுபட்டுச் செல்கிறார்கள் என்றும், அவர்களைத் தடுத்து நிறுத்தச் சபைகள் தவறிவிட்டன என்றும் வருந்தி எழுதப்பட்ட கடிதங்களைத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மைக் காலமாகப் படித்து வருகிறேன். எழுதியவர்களின் கவலை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அக்கடிதங்களில் 'உலகம்' என்று சுட்டப்பட்டவை எல்லாம் உடை, இசை, திரைப்படம், கைபேசி ஆகியவற்றுக்குள் அடங்கிவிட்டன. பண ஆசையைப் பற்றி ஒருவர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார். பதவி, செல்வாக்கு, சமூக மதிப்பு ஆகியவற்றின் மீதுள்ள ஆசையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. இது தற்செயலாக விடுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வேதாகமத்தில் யோவான் எழுதிய முதலாம் நிருபம் (கடிதம்), உலகத்திலுள்ளவை எவை என்பதை மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை என்று மூன்றாக வகுத்துச் சொல்கிறது. இவற்றில் முதலாவதைப் பற்றிய பிரசங்கங்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவதைப் பற்றி அவ்வப்போது கேட்கிறோம். பதவி, செல்வாக்கு, மதிப்பு ஆகியவற்றின் மீதுள்ள ஆசையான மூன்றாவதைப் பற்றி முழு நேரமும் பேசிய ஒரு செய்தியைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று ஒவ்வொரு விசுவாசியும் யோசித்துப் பார்க்கலாம். மாம்சத்தின் இச்சையில் விழுந்தவனைச் சபை எளிதில் அடையாளம் கண்டு ஒதுக்குகிறது; ஜீவனத்தின் பெருமையில் மூழ்கியவனுக்கோ, பெரும்பாலும் மேடையில் இடம் கொடுக்கிறது. உலகத்தை எதிர்த்து நிற்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

வனாந்தரத்தில் இயேசுவுக்கு நேர்ந்த சோதனையைச் சற்று நின்று கவனித்தால், அங்கே அருவருப்பான காரியம் எதுவும் அவர் முன் வைக்கப்படவில்லை என்பது தெரியும். பசித்தவனுக்கு அப்பம், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்து ஜனங்கள் வியக்கும்படி ஓர் அற்புதம், உலகத்தின் ராஜ்யங்கள் அனைத்தின் மேலும் அதிகாரம்: மூன்றையும் நல்ல நோக்கத்துக்காகவே கேட்கலாம், மூன்றையும் ஊழியத்தின் பெயராலேயே நியாயப்படுத்தலாம். போதாக்குறைக்கு, சோதனைக்காரன் 91-ஆம் சங்கீதத்தின் வசனத்தையும் சொல்லிக்கொண்டு வந்தான். உலகத்தின் இழுப்பு வேத வசனத்தோடு வரும் என்பதை நற்செய்தி நூல்கள் தொடக்கத்திலேயே எச்சரித்து வைத்திருக்கின்றன. கூட்டம் பெருகினால் ஆசீர்வாதம், கட்டடம் உயர்ந்தால் தேவ தயவு, நேரலையைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை கூடினால் எழுப்புதல் என்று கணக்கிடப் பழகிய நமக்கு, இயேசு அந்த மலையிலிருந்து வெறுங்கையோடு இறங்கியது தோல்வியாகத்தான் தெரியும். இளைஞர்கள் கைபேசியில் விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டிக்கும் போதகர், அதே பிரசங்கத்தின் முடிவில் தமது ஒளிபரப்பைப் பின்தொடர்பவர்களின் தொகையை அறிவிப்பதைக் கேட்கும்போது, இரண்டு எண்ணிக்கைகளுக்கும் என்ன வேறுபாடு என்று ஓர் இளைஞன் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா?

யாக்கோபின் நிருபம் இந்தப் பிரச்சினையைத் தத்துவமாகப் பேசாமல் ஓர் ஆலய நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பொன்மோதிரமும் மினுக்குள்ள வஸ்திரமும் தரித்த ஒருவர் சபைக்குள் நுழைகிறார். கந்தையான வஸ்திரம் தரித்த ஒரு தரித்திரனும் நுழைகிறான். முன்னவரைப் பார்த்து, "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்" என்கிறார்கள். பின்னவனைப் பார்த்து, "நீ அங்கே நில்லு" என்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. யாரும் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, குடித்துவிட்டு வரவில்லை. ஆயினும் அந்த வரவேற்பையே யாக்கோபு பட்சபாதம் என்றும் பாவம் என்றும் பெயரிட்டுக் கண்டிக்கிறார். உலக சிநேகம் தேவனுக்கு விரோதமான பகை என்ற கடுமையான வாக்கியமும் இதே நிருபத்தில்தான் இருக்கிறது. வாசலில் நின்று வரவேற்பவரின் கண் முதலில் வந்தவரின் முகத்துக்குப் போகிறதா, விரலுக்குப் போகிறதா என்பதில் உலகம் உள்ளே வந்துவிட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடுகிறது. இன்றைக்குப் பொன்மோதிரத்தின் இடத்தில் வேறு அடையாளங்கள் வந்திருக்கலாம். நாற்காலி அதே நாற்காலிதான்.

சாட்சி சொல்லும் நேரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பதவி உயர்வு கிடைத்தது, வழக்கு வென்றது, வீடு கட்டி முடிந்தது, வெளிநாட்டு வேலைக்கு அனுமதி வந்தது என்று விசுவாசிகள் எழுந்து நின்று நன்றி செலுத்துகிறார்கள். நன்றி செலுத்துவதில் குற்றமில்லை. கிடைத்ததற்கு நன்றி சொல்லாமலிருப்பதுதான் குற்றம். ஆனால், பொய்க் கணக்கில் கையெழுத்திட மறுத்ததால் வேலை போயிற்று என்றோ, லஞ்சம் கொடுக்க மனமில்லாததால் எங்கள் விண்ணப்பம் இன்னும் கிடப்பில் கிடக்கிறது என்றோ ஒருவர் எழுந்து சாட்சி சொல்லி, சபை ஸ்தோத்திரம் சொல்லக் கேட்பது மிக அரிது. அப்படிப்பட்டவர்கள் சபைகளில் இல்லாமல் இல்லை. அவர்களுடைய அனுபவம் ஜெப விண்ணப்பமாக, தாழ்ந்த குரலில், தனியாகச் சொல்லப்படுகிறது; சிலரிடம் "இவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டுமா, கொஞ்சம் ஞானமாக நடந்துகொள்ளக் கூடாதா" என்று அறிவுரையும் கூறப்படுகிறது. கிடைத்தது மட்டுமே சாட்சி என்று வாரந்தோறும் கேட்டு வளரும் பிள்ளை, உலகத்தை எதிர்த்து இழப்பதும் விசுவாசத்தின் பலனே என்பதை எங்கே கற்றுக்கொள்ளும்?

இந்த இழுப்பு புதியதும் அல்ல. தாம் பாடுபடப் போவதாக இயேசு எருசலேமுக்குப் போகும் வழியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய சீஷர்களான செபெதேயுவின் குமாரர் இருவரும் அவருடைய வலதுபாரிசத்திலும் இடதுபாரிசத்திலும் உட்காரும் இடத்தைக் கேட்டார்கள். மற்றப் பத்துப் பேரும் எரிச்சலடைந்தார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த எரிச்சலை அருவருப்பு என்று எடுத்துக்கொள்வதைவிடப் போட்டி என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம் எனப் படுகிறது. புறஜாதியாருடைய அதிகாரிகள் ஆளுகிற விதத்தைக் காட்டி, "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது" என்று இயேசு அவர்களிடம் சொன்ன இடம் அதுதான். உலகத்துக்கும் தம் சீஷர்களுக்கும் இடையே அவர் கோடு கிழித்த அந்த இடத்தில் உடையும் உணவும் பேசப்படவில்லை. பெரியவன் யார் என்ற கேள்வியே பேசப்பட்டது.

எல்லோரும் செய்கிற, எல்லோரும் மதிக்கிற ஒரு காரியத்தை ஒரு விசுவாசி தனியாக எதிர்ப்பது எப்படியிருக்கும் என்பதற்கு ஜான் உல்மன் என்பவரின் வாழ்க்கையை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். 1720-இல், அப்போது ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த நியூ ஜெர்சியில் பிறந்த அவர், எளிய வாழ்வை வலியுறுத்தும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். தையல் வேலையும் சிறு வணிகமும் செய்தவர். இளம் வயதில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி தம்மிடம் அடிமையாயிருந்த ஒரு பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைப் பத்திரத்தை எழுதும்படி அவரிடம் சொன்னார். வாங்க வந்தவரும் சபையைச் சேர்ந்த முதியவரே. உல்மன் மனக்கலக்கத்தோடு எழுதிக் கொடுத்தார். ஆனால் அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று இருவர் முன்னிலையிலும் சொன்னார். பின்னாளில் அத்தகைய பத்திரங்களை எழுத மறுத்தார். ஒருமுறை, அடிபட்டுப் படுத்திருந்த அண்டை வீட்டார் ஒருவர் தமது உயிலை எழுதச் சொன்னபோது, அடிமைப் பெண்ணை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதி முடித்தார். படுக்கையருகே அமர்ந்து அதைப் படித்துக் காட்டி, சக மனிதரை அடிமையாக்கும் எழுத்தைத் தம் மனம் ஏற்கவில்லை என்று நட்போடு தெரிவித்து, எழுதியவரைக்கும் கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இருவரும் அதைப் பற்றி ஆழ்ந்து பேசினார்கள். முடிவில் அந்தப் பெண்ணை விடுதலை செய்ய அவர் ஒப்புக்கொண்ட பிறகே உயில் நிறைவு பெற்றது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, அந்த அண்டை வீட்டார் கெட்டவர் அல்லர் என்பதைத்தான். பிள்ளைகளுக்குச் சொத்தை ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்க நினைத்தவர். அடிமை வைத்திருப்பது அன்றைய உலகத்தில் கௌரவமான குடும்பத்தின் அடையாளம். அதை உலக ஆசை என்று யாரும் சொல்லவில்லை. அதே காலத்தில் குவேக்கர்கள் ஆடம்பர உடையையும் வீண் கேளிக்கையையும் மிகக் கண்டிப்பாக விலக்கி வைத்திருந்தார்கள். கொசு இல்லாதபடி வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவது என்று இயேசு சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? உல்மனும் அவரைப் போன்ற சிலரும் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று பொறுமையாகப் பேசியதன் விளைவாக, பிலடெல்பியாவில் கூடிய அவர்களது ஆண்டுக் கூட்டம் 1758-இல் அடிமைகளை வாங்கி விற்பவர்களைச் சபை நிர்வாகத்திலிருந்து விலக்கியது. 1776-இல் அடிமை வைத்திருப்பதையே தன் உறுப்பினர்களுக்குத் தடை செய்தது. அதைப் பார்க்க உல்மன் உயிரோடு இல்லை. 1772-இல் இங்கிலாந்தில் பெரியம்மை நோயால் இறந்துவிட்டார். இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: தம் வணிகம் நன்றாக வளர்ந்துவிட்டது, அது தம் மனத்தை அதிகமாக ஆட்கொள்கிறது என்று கண்டபோது, வாடிக்கையாளர்களை வேறு கடைகளுக்கு அனுப்பிவிட்டுச் சில்லறை வணிகத்தை அவர் கைவிட்டார். வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ள வழி கேட்டு ஜெபிக்கும் விசுவாசியை நம் காலத்தில் கற்பனை செய்வதுகூடக் கடினம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். உழைப்பும் சிக்கனமும் நேர்மையும் விசுவாசத்தின் கனிகள்; அவற்றால் செல்வம் வருவது இயல்பு; வந்த செல்வத்தை எப்படிக் குற்றம் என்பது? மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியை வாட்டியதும் இதே கேள்விதான். 1786-இல், தமது 83-ஆம் வயதில், அந்த இயக்கத்தின் எதிர்காலத்தைப் பற்றி எழுதியபோது, செல்வம் எங்கெல்லாம் பெருகியதோ அங்கெல்லாம் பக்தியின் சாரம் அதே அளவில் குறைந்துவிட்டது என்று அஞ்சுவதாக அவர் குறிப்பிட்டார். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கும், அவை செல்வத்தைப் பிறப்பிக்கும், செல்வமோ பெருமையையும் உலகப் பற்றையும் வளர்த்துப் பக்தியையே தின்றுவிடும் என்பது அவர் கண்ட சுழற்சி. அதற்கு அவர் சொன்ன ஒரே மருந்து, இயன்றமட்டும் சம்பாதித்து இயன்றமட்டும் சேமிப்பவர்கள், இயன்றமட்டும் கொடுக்கவும் வேண்டும் என்பது. முதல் இரண்டையும் மனமார ஏற்றுக்கொண்டு மூன்றாவதைத் தசமபாகத்தோடு (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கோடு) நிறுத்திக்கொள்வது சபைகளின் நெடுநாளைய வழக்கம். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவனான சகேயு தன் ஆஸ்தியில் பாதியைக் கொடுத்ததும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தர முன்வந்ததும் சிறுவர்களுக்குச் சொல்லும் கதையாக மட்டுமே நின்றுவிட்டது. பாட்டாகப் பாடப்படுவது அவன் மரமேறிய பகுதி மட்டும்தான்.

செல்வம் ஒரு சபையின் கண்ணை எப்படி மறைக்கும் என்பதற்கு, இன்றைய துருக்கியில் இருந்த பழைய நகரமான லவோதிக்கேயா போதுமான சாட்சி. கி.பி. 60-இல் நிலநடுக்கத்தால் இடிந்த அந்நகரம், ரோமப் பேரரசின் உதவியில்லாமல் தன் சொந்தச் செல்வத்தைக் கொண்டே மீண்டும் எழுந்ததாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். யார் கையையும் எதிர்பார்க்காத ஊர் என்ற அந்தப் பெருமை அங்கிருந்த சபைக்கும் தொற்றிக்கொண்டது போலும். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அது சொல்லிக்கொண்டதை வெளிப்படுத்தின விசேஷம் எடுத்துக்காட்டி, நீ தரித்திரனும் குருடனும் நிர்வாணியுமாயிருக்கிறாய் என்கிறது. அந்தச் சபைமீது கள்ளப் போதகமோ விக்கிரக ஆராதனையோ குற்றமாகச் சுமத்தப்படவில்லை.

உலகத்தின் மதிப்பீடுகளில் அதிகாரத்தின் மீதும் இனத்தின் மீதும் உள்ள பற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தபோது, நாட்டுப்பற்று என்ற பெயரில் அவரை வரவேற்ற சபைத் தலைவர்கள் ஏராளம். 1934 மே மாதம், அந்தப் போக்கை எதிர்த்து ஜெர்மனியின் பார்மெனில் கூடிய சபையினர், வாழ்வின் எந்தப் பகுதியிலும் இயேசு கிறிஸ்துவுக்கு உரியவர்களாக அல்லாமல் வேறு எஜமான்களுக்கு உரியவர்களாக நாம் இருக்கலாம் என்ற போதனையை மறுத்து அறிக்கை வெளியிட்டார்கள். துணிச்சலான அறிக்கை, ஆயினும், துன்புறுத்தப்பட்டுக்கொண்டிருந்த யூதர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதை எழுதுவதில் முதன்மையானவராக இருந்த இறையியலாளர் கார்ல் பார்ட் பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். எதிர்த்து நின்றவர்களின் கண்ணையும் காலத்தின் போக்கு ஓரளவு மறைத்திருந்தது என்பதை, எதிர்த்து நிற்பதாக எண்ணிக்கொள்ளும் நாம் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இப்படியெல்லாம் எழுதுவதால் உடையையும் திரைப்படத்தையும் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். இடைவிடாமல் பிறருடைய வாழ்க்கையைக் காட்டிப் பொறாமையைத் தூண்டும் கைபேசித் திரை, கண்களின் இச்சைக்குத் தீனி போடுகிறது என்பது உண்மையே. ஆனால் எங்கே கோடு கிழிப்பது என்பதில் தானியேல் நமக்குச் சொல்வது நிறைய இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேலும் அவருடைய நண்பர்களுமான அந்த இளைஞர்கள் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். புதிய பெயர்களை ஏற்றார்கள். அரசன் அரமனையில் பணியும் செய்தார்கள். ராஜாவின் போஜனத்தில் மட்டும் மறுத்தார்கள். எல்லாவற்றையும் எதிர்க்கவில்லை, எல்லாவற்றுக்கும் இணங்கவும் இல்லை. எது தங்கள் பற்றையே மாற்றிவிடும் என்று சிந்தித்து அங்கே நின்றார்கள். பத்து நாள் சோதித்துப் பாரும் என்று பணிவோடு கேட்டார்களே தவிர, கண்காணிப்பாளனோடு சண்டைக்குப் போகவில்லை. அவர்கள் நான்கு பேராக இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தனியாக ஒருவனை அனுப்பிவிட்டு, நீ உலகத்தை எதிர்த்து நில் என்று வீட்டிலிருந்தபடி புத்தி சொல்வது எளிது.

இந்த இடத்தில் தேமாவின் நினைவு வருகிறது. பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் தேமாவை லூக்காவோடு சேர்த்துத் தம் உடன்வேலையாட்களில் ஒருவராகக் குறிப்பிடுகிறார். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்திலும் இருவர் பெயரும் அடுத்தடுத்து வருகின்றன. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கே பட்டணத்துக்குப் போய்விட்டான், லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான் என்று எழுதப்பட்டிருக்கிறது. தேமா குடிவெறியில் விழுந்தான் என்றோ விபசாரத்தில் விழுந்தான் என்றோ வேதம் சொல்லவில்லை. விலங்கிடப்பட்ட ஒரு கிழவரின் பக்கத்தில் நிற்பதை விட்டுவிட்டு, பெரிய துறைமுகப் பட்டணம் ஒன்றுக்குப் போனான். நமக்குத் தெரிந்தது அவ்வளவே. இன்று அவன் திரும்பி வந்து அந்தப் பட்டணத்தில் கிடைத்த வாய்ப்புகளைப் பற்றிச் சாட்சி சொன்னால், நம் சபைகளில் எத்தனை பேர் அதைப் பின்மாற்றம் என்று கண்டுகொள்வார்கள்?

ஆகவே, இளைஞர்களைக் குறித்து எழுதிய அன்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். தங்கள் சபைகளில் சாட்சி நேரத்தின் ஒரு பகுதியை, நேர்மையின் பொருட்டு எதையேனும் இழந்தவர்களுக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். அவர்கள் இழந்த வருமானத்தைச் சபையின் பொது நிதியிலிருந்து சில மாதங்களுக்காவது ஈடுசெய்ய முடியுமா என்று நிர்வாகக் குழுவில் கேளுங்கள். ஆதி சபையில் ஒருவருக்கும் குறைச்சல் இல்லாதிருந்தது என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்வது இத்தகைய ஏற்பாட்டைத்தான். முன்வரிசை இருக்கைகளில் யாருடைய பெயரும் எழுதப்படாமலிருக்கட்டும். சபையின் வரவு செலவுக் கணக்கு, காணிக்கை கொடுப்பவர்களில் மிகச் சிறியவரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி வெளியிடப்படட்டும். இவற்றில் ஒன்றையாவது செய்து பார்த்த சபையினர் யாரேனும் தங்கள் அனுபவத்தையும், அதற்கு வந்த எதிர்ப்பையும் சேர்த்துத் தங்கள் வாசகர் பகுதிக்கு எழுதி அனுப்பினால், அதற்குத் தாங்கள் இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்